மாண்டும் முளைத்த தெய்வம்

எகிப்து என்றவுடன் நம் கண்முன் எழுவன பிரமிடுகளும், பதம்செய்து துணி சுற்றிய பிணங்களுமே. மாணவனாக இருந்த காலத்தில் நானும், அந்நாட்டு மக்கள் வாழ்வை மறந்து சாவையே எண்ணிக் காலங்கழித்தவர்கள் என்று நம்பியிருந்தேன். அவ்வெண்ணம் பிழையென்று எனக்கு உணர்த்தியது ஓர் எளிய பொருள்: ஒரு மரச்சட்டமும், அதில் நிரப்பிய வண்டல் மண்ணும், அம்மண்ணில் முளைத்துக் காய்ந்துபோன தானியமும்.

1922-ஆம் ஆண்டில் ஹோவார்டு கார்ட்டர் என்னும் ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் துதங்காமன் என்ற இளம் மன்னனின் கல்லறையைக் கண்டுபிடித்தார். அங்கிருந்த பொன் முகமூடியைப் பற்றிக் கேளாதவர் இலர். ஆனால் அதே கல்லறையில் ஒரு நீண்ட பெட்டிக்குள், ஆள் அளவில், தெய்வ உருவமாகச் செய்த மரச்சட்டம் ஒன்றும் இருந்தது. அதனுள் நைல் நதியின் வண்டலை நிரப்பி, விதை தூவி, நீர் தெளித்து, முளை கிளம்பிய பின் துணியால் சுற்றி வைத்திருந்தனர். அத்தெய்வத்தின் பெயர் ஒஸிரிஸ். இறந்த அரசனுக்குப் பொன்னோடு பொன்னாக முளைத்த தானியத்தையும் வைத்தனுப்பிய மக்கள் விரும்பியது சாவையா, வாழ்வையா? இக்கேள்விக்கு விடை காண ஒஸிரிஸின் கதையை அறிய வேண்டும்.

அக்கதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை எழுதி வைத்தவர் எகிப்தியர் அல்லர் என்பது வியப்புக்குரியது. சக்காராவிலுள்ள உனாஸ் மன்னனின் பிரமிடுச் சுவர்களில், ஏறத்தாழக் கி. மு. 2350-இல் செதுக்கப்பட்ட மந்திரங்களிலேயே ஒஸிரிஸின் பெயர் பயின்று வருகிறது. எனினும் அங்கே காண்பன குறிப்புக்களே. கதை முழுவதையும் கோவையாகச் சொன்னவர் கி. பி. 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய புளூட்டார்க் என்னும் கிரேக்க அறிஞர். இரண்டுக்கும் இடையே இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேலான இடைவெளி உண்டு என்பதைச் சரித்திரம் பயில்வோர் நினைவில் வைத்தல் வேண்டும்.

ஒஸிரிஸ் எகிப்தை ஆண்ட நல்லரசன். மக்களுக்கு உழவையும் சட்டத்தையும் கற்பித்தவன். அவன் தம்பி ஸெத் பொறாமை கொண்டான். அண்ணனின் உடல் அளவை இரகசியமாக அறிந்து, அழகிய பேழை ஒன்று செய்வித்து, விருந்தொன்றில் அதை வைத்து, இதனுள் எவர் உடல் சரியாகப் பொருந்துகிறதோ அவருக்கே இது பரிசு என்றான். ஒஸிரிஸ் படுத்தவுடன் சதிகாரர் எழுபத்திருவரும் பாய்ந்து மூடியை அறைந்து, ஈயத்தை உருக்கி வார்த்து, பேழையை ஆற்றில் எறிந்தனர். மனைவி ஐசிஸ் நாடு கடந்து சென்று, பிப்ளாஸ் நகரத்து அரண்மனைத் தூணுக்குள் மறைந்திருந்த அப்பேழையை மீட்டு வந்தாள். ஸெத் மீண்டும் அதைக் கண்டு, உடலைப் பதினான்கு துண்டுகளாக்கி எங்கும் சிதறினான். ஐசிஸ் நாணற்படகில் சதுப்பு நிலமெல்லாம் தேடி அலைந்தாள். இவ்வாறு கூறுகிறார் புளூட்டார்க்.

எகிப்திய நூல்களில் ஐசிஸும் அவள் தங்கை நெப்திஸும் அழுது புலம்ப, அனுபிஸ் தெய்வம் உடலைப் பதம்செய்ய, ஒஸிரிஸ் உயிர் பெறுகிறான். ஆனால் பழைய அரியணைக்கு அவன் திரும்பவில்லை. மகன் ஹோரஸ் ஸெத்தை வென்று மண்ணுலகை ஆள, தந்தை இறந்தோர் உலகின் அரசனானான். ஆளும் மன்னன் ஒவ்வொருவனும் ஹோரஸ், இறந்த மன்னன் ஒஸிரிஸ் என்ற கொள்கை இதிலிருந்து வலுப்பெற்றது. அரசன் மாண்டாலும் அரசு மாளாது என்பதே அதன் உட்பொருள்.

இக்கதை எகிப்தியர் உள்ளத்தில் அவ்வளவு ஆழமாக வேரூன்றியது ஏன்? மழை அரிதான நாடு அது. எத்தியோப்பிய மலைகளில் பெய்யும் கோடைமழை நீல நைலில் இறங்கி, ஆண்டுதோறும் எகிப்து வயல்களை மூழ்கடித்துக் கரிய வண்டலைப் பரப்பிச் செல்லும். எகிப்தியர் ஆண்டை வெள்ளக் காலம், வெளிப்படும் காலம், அறுவடைக் காலம் என மூன்றாகப் பகுத்தனர். நீர் வடிந்து, நிலமும் முளையும் வெளிப்படுவதற்குச் சற்று முன், கோயக் என்னும் மாதத்தில் ஒஸிரிஸ் விழா நடந்தது. மண்ணும் விதையும் கலந்து தெய்வத்தின் சிறு உருவங்களைச் செய்து, நீர் வார்த்து வளர்த்த முறை தெந்தெரா ஆலயத்துச் சுவரில் விரிவாக எழுதப்பட்டுள்ளது. ஓவியங்களில் ஒஸிரிஸின் முகம் கரிய நிறமாகவோ பச்சை நிறமாகவோ இருக்கும். கருமை வண்டலின் நிறம். பசுமை பயிரின் நிறம். புதைந்த விதை அழிவதில்லை என்பதை உழவன் ஆண்டுதோறும் கண்ணாரக் கண்டான். புதைந்த மனிதனும் அழியான் என்று நம்பினான். 1970-இல் அஸ்வான் உயரணை கட்டி முடிந்த பின் அவ்வெள்ளம் எகிப்து வயல்களில் பரவுவதில்லை.

ஒஸிரிஸின் தலையாய திருத்தலம் அபைதாஸ். அங்குள்ள பழைய கல்லறை ஒன்றையே தெய்வத்தின் சமாதி எனக் கருதி, யாத்திரிகர் நூற்றாண்டுக் கணக்கில் வந்து மட்கலங்களில் காணிக்கை படைத்தனர். அவ்வோட்டுக் குவியல்களால் அவ்விடத்திற்கு அரபு மொழியில் ‘பானைகளின் தாய்’ என்றே பெயர். உண்மையில் அது முதல் வம்சத்து மன்னன் ஜெர் என்பவனின் கல்லறை என்பதை அகழ்வாராய்ச்சி காட்டிவிட்டது. அபைதாஸ் விழாவை நடத்த மூன்றாம் ஸெனுஸ்ரெத் மன்னன் அனுப்பிய இகெர்நோபிரெத் என்ற அதிகாரி, தெய்வத்தின் படகு உலாவையும் பகைவரை விரட்டும் சடங்கையும் கல்லில் பொறித்து வைத்தான். அக்கல் இன்று பெர்லினில் உள்ளது.

இனி, மாணவர்கள் சிறப்பாகக் கருத வேண்டிய செய்திக்கு வருகிறேன். உனாஸின் காலத்தில் அம்மந்திரங்கள் அரசனின் கல்லறையில் மட்டுமே எழுதப்பட்டன. பின்னர் அவற்றின் வழிவந்தவை அதிகாரிகளின் சவப்பெட்டிகளில் இடம்பெற்றன. அதன்பின் பப்பைரஸ் சுருளாக, வாங்க இயன்றவர் எல்லாருக்கும் கிடைத்தன. இறந்தவர் எவராயினும் அவர் பெயருக்கு முன் ‘ஒஸிரிஸ்’ என்று சேர்த்தெழுதும் வழக்கமும் பரவிற்று. அரசனுக்கே உரியதாயிருந்த அமரத்துவம் எழுத்தனுக்கும் கிட்டியது.

ஆனால் அதற்கு ஒரு சோதனை உண்டு. பிரிட்டிஷ் பொருட்காட்சிசாலையிலுள்ள, ஏறத்தாழ 78 அடி நீளமுள்ள ஆனி என்பவனின் சுருளில் அக்காட்சியைக் காணலாம். ஒரு தட்டில் இறந்தவனின் இதயம். மறு தட்டில் மாஅத் என்னும் உண்மையின் இறகு. தோத் தெய்வம் கணக்கெழுத, தோற்ற இதயத்தை விழுங்க ஒரு கோர விலங்கு காத்திருக்கிறது. தேறியவனே ஒஸிரிஸின் திருமுன் செல்வான். நாற்பத்திரண்டு தேவர்கள் முன்னிலையில் தான் கொல்லவில்லை, திருடவில்லை, தராசையும் தானிய அளவையும் குறைக்கவில்லை என்று அவன் உரைக்க வேண்டும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். தனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே என்று இதயத்தையே வேண்டும் மந்திரத்தை வண்டு வடிவக் கல்லில் பொறித்துப் பிணத்தின் மார்பில் வைத்தனர். பெயருக்கு இடம் விட்டு, முன்னரே எழுதி விற்ற சுருள்களும் கிடைத்துள்ளன. நீதியை விலைக்கு வாங்க முயன்றார்களோ? ஓரளவு உண்மைதான். ஆயினும், தராசுக்கு அஞ்சுபவனே தராசுக்குத் தந்திரம் தேடுவான். அளவைக் குறைத்த வணிகனும் நள்ளிரவில் தன் இதயத்தின் சாட்சியை எண்ணிக் கலங்கினான் என்பதற்கு அக்கல்லே சான்று. அம்மக்கள் நம்மைப் போன்றவர்களே என்று நான் உணர்வது இவ்விடத்தில்தான்.

அச்சமயமும் ஒரு நாள் மறைந்தது. நைல் நதியின் பிலே தீவில் ஐசிஸ் ஆலயத்தைச் சார்ந்த ஒருவர் சுவரில் சில வரிகள் செதுக்கினார். நமக்குக் கிடைத்துள்ள, காலம் அறியப்பட்ட சித்திர எழுத்துச் சாசனங்களில் அதுவே கடைசி. நாள், கி. பி. 394 ஆகஸ்டு 24. அன்று ஒஸிரிஸின் பிறந்தநாள் விழா என்று அச்சாசனத்தோடு சேர்ந்த குறிப்பே கூறுகிறது. அதன்பின் அவ்வெழுத்தைப் படிக்க ஒருவரும் இல்லாது போயினர். 1822-இல் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் அதன் மறைபொருளை விடுவிக்கும் வரை, ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் அம்மொழி மண்ணுள் விதையாகக் கிடந்தது. இன்று நாம் ஆனியின் பெயரைச் சொல்கிறோம்; அவன் அஞ்சியதையும் விரும்பியதையும் அறிகிறோம். தம் பெயர் மறவாது சொல்லப்பட வேண்டும் என்பதே அம்மக்கள் மரணத்துக்கு எதிராகக் கேட்ட பெரிய வரம். அவ்வரத்தை அவர்களுக்கு அளித்துவருவது சரித்திரக் கல்வி.