தலைநகரின் பள்ளி வாயிலில்

ஊர் மாறி வருகின்ற குடும்பம் முதலில் தேடுவது வீடு. அடுத்துத் தேடுவது பள்ளிக்கூடம். வீடு மனத்திற்கு உகந்ததாக அமையாவிட்டாலும் சில மாதங்கள் பொறுத்துக்கொள்ளலாம். பள்ளியின் செய்தி அவ்வாறன்று. பருவம் தவறினால் பிள்ளையின் வாழ்வில் ஓராண்டு தவறிவிடுகிறது. தமிழகத்தை விட்டு வெளியே வாழ்கின்ற நம்மில் பலருக்கு இந்த அனுபவம் புதிதன்று. எனினும், குடிபெயர்ந்தோர் பிள்ளைகளுக்குப் பள்ளியின் கதவு எவ்வாறு, எப்பொழுது, யாருக்காகத் திறந்தது என்னும் வரலாற்றை நாம் அதிகமாக எண்ணிப் பார்த்ததில்லை. தில்லி மாநகரை எடுத்துக்கொண்டு அதனைச் சிறிது ஆராய்வோம்.

தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என்னும் அறிவிப்பு 1911-ஆம் ஆண்டு டிசம்பரில் தில்லி தர்பாரில் வெளியாயிற்று. அதன் பின்னரும் அரசாங்கம் ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. கோடை வந்ததும் சிம்லா மலைக்கு ஏறுவதும், குளிர் தொடங்கியதும் தில்லிக்கு இறங்குவதும் அக்கால வழக்கம். 1903-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கால்கா-சிம்லா மலை ரயிலில் கோப்புகள் சென்றன. அவற்றின் பின்னே குமாஸ்தாக்களும், அவர்களுடைய மனைவி மக்களும் சென்றனர். சென்னை மாகாணத்திலிருந்து வந்து உத்தியோகம் பார்த்தவர்கள் இக்கூட்டத்தில் கணிசமாக இருந்தனர். ஆண்டுக்கு இருமுறை இடம் மாறும் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? வீட்டில் பேசுவது தமிழ். தெருவில் கேட்பது உருதுவும் இந்துஸ்தானியும். ஊரில் தாத்தா பாட்டியிடம் விட்டுவந்தால் பிள்ளை படிக்கும், ஆனால் பெற்றோரைப் பிரிந்திருக்க வேண்டும். விட்டுவந்தவர்களும் உண்டு.

இந்த இக்கட்டிலிருந்து பிறந்ததே 1923-ஆம் ஆண்டில் தோன்றிய மதராஸி கல்விச் சங்கம். தில்லிக்கும் சிம்லாவுக்கும் இடையே அலைந்த சென்னை மாகாண ஊழியர்களின் பிள்ளைகளுக்காக அவர்களே கூடி அமைத்துக்கொண்ட ஏற்பாடு அது. அரசாங்கம் தன் ஊழியரை இடம் மாற்றியது. அவருடைய பிள்ளையின் படிப்பை அவரிடமே விட்டுவிட்டது. இதனை நாம் மறத்தலாகாது.

‘மதராஸி’ என்னும் பெயர் அன்று நான்கு மொழியினருக்கும் பொதுவாக இருந்தது. வடக்கே உள்ளவர்களுக்கு விந்தியத்திற்குத் தெற்கே எல்லாம் மதராஸ்தான்! பின்னர் அந்தந்த மொழியினர் தத்தமக்குரிய பள்ளிகளை அமைக்கத் தலைப்பட்டனர். துர்காபாய் தேஷ்முக் அம்மையார் 1948-ஆம் ஆண்டில் தில்லியில் ஆந்திரக் கல்விச் சங்கத்தை நிறுவினார். மதராஸி கல்விச் சங்கம் நாளடைவில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாயிற்று. மந்திர் மார்க், லோதி எஸ்டேட், கரோல்பாக், லக்ஷ்மிபாய் நகர், மோதிபாக், இராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி ஆகிய ஏழு இடங்களில் அதன் பள்ளிகள் அமைந்தன. இவ்விடங்களைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று விளங்கும். இவற்றுள் பல, அரசாங்க ஊழியர் குடியிருப்புகள் எழுந்த பகுதிகள். குடியிருப்பு எங்கே சென்றதோ, பள்ளியும் அங்கே சென்றது.

பள்ளி கிடைத்தாலும் சேர்க்கை எளிதாக இருக்கவில்லை. சென்னையில் ஆறாம் வகுப்பை முதற் பாரம் என்றார்கள். பதினோராம் வகுப்பு ஆறாம் பாரம். மூன்றாம் பாரம் தேறிய சான்றிதழைக் கண்ட வடநாட்டுத் தலைமையாசிரியர், பையனை நான்காம் வகுப்பில் உட்கார வைக்க முற்பட்டால் அவர்மீது குறை சொல்ல இயலாது. ஆண்டுக் கணக்கும் வேறு. இன்றும் தில்லியில் பள்ளி ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தொடங்குகிறது. தமிழகத்தில் ஜூன் மாதத்தில். கோடை விடுமுறைக்குப் பின் தமிழகத்திலிருந்து வருகின்ற பிள்ளை, வகுப்பு தொடங்கி இரண்டு மாதம் கழிந்த பின்னரே நுழைய நேரிடுகிறது.

பெயரிலும் ஒரு தொல்லை உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னெழுத்து. விண்ணப்பத் தாளில் குடும்பப் பெயருக்கென ஒரு கட்டம் இருக்கும். அதில் தந்தையின் பெயரை எழுதினால், தந்தையின் கட்டத்தில் பாட்டனார் பெயர் நிற்கும். தந்தைக்கும் மகனுக்கும் குடும்பப் பெயர் ஏன் வேறுபடுகிறது என்று எழுத்தர் வினவுவார். தில்லியில் இதற்கு விடை சொல்லாத தமிழ்த் தந்தை ஒருவரும் இரார்.

விடுதலைக்குப் பின் அரசாங்கம் இத்துறையில் கருத்துச் செலுத்தத் தொடங்கியது. 1949-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்களின் மாநாடு ஒரு கணக்கை வகுத்தது. பள்ளி முழுவதிலும் 40 பிள்ளைகளேனும், ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளேனும் ஒரு தாய்மொழியினராக இருப்பின், தொடக்கக் கல்வியை அம்மொழியில் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்பது அது. 1956-ஆம் ஆண்டில், மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபொழுது, அரசியலமைப்பின் ஏழாவது திருத்தத்தால் 350-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்குப் போதிய வசதி செய்ய முயலுதல் ஒவ்வொரு மாநிலத்தின் கடமை என்கிறது அப்பிரிவு.

நல்ல கொள்கைதான். ஆனால் இக்கணக்கு யாருக்குப் பொருந்தும்? தலைமுறை தலைமுறையாக ஒரே ஊரில் கூடி வாழும் எல்லைப்புற மக்களுக்குப் பொருந்தும். பிழைப்புக்காக மாநகருக்கு வந்து, வாடகை குறைந்த இடத்தில் சிதறி வாழ்வோருக்கு ஒரே வகுப்பில் பத்துத் தமிழ்ப் பிள்ளைகள் அமைவது அரிது. மாற்றலாகிச் செல்லும் ஊழியரின் பிள்ளை பத்தில் ஒருவனாக இவ்வாண்டு இருப்பான். மறு ஆண்டு இருக்கமாட்டான்.

அந்த ஊழியருக்கு வேறொரு வழி திறந்தது. அஜ்மீரைத் தலைமையிடமாகக் கொண்டு 1929-ஆம் ஆண்டில் தோன்றிய ஒரு தேர்வு வாரியம், 1952-இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் என்று பெயர் பெற்று, 1962-இல் திருத்தியமைக்கப்பட்டது. அடிக்கடி இடம் மாறும் மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகளுக்குத் துணை நிற்றல் அதன் முதன்மையான நோக்கங்களுள் ஒன்றாகக் கொள்ளப்பட்டது. இரண்டாவது ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி அவ்வாண்டு நவம்பரிலேயே மத்தியப் பள்ளித் திட்டமும் ஏற்கப்பட்டது. படைப்பிரிவுகள் நடத்திவந்த 20 பள்ளிகளை ஏற்று 1963-இல் அது செயற்பட்டது. இன்று 1,200-க்கு மேற்பட்டுள்ள கேந்திரிய வித்யாலயங்களின் தொடக்கம் இதுவே. கோயம்புத்தூரில் ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்ட சிறுமி, தில்லியில் அதே புத்தகத்தைத் தொடர்ந்து படிக்கலாம். பெற்றோர் கடந்த ஏழாண்டுகளில் எத்தனை முறை மாற்றப்பட்டனர் என்பதே சேர்க்கையில் ஒரு தகுதியாக எண்ணப்பட்டது. அலைச்சலையே தகுதியாக்கிய விதி என்று இதனைப் பாராட்டலாம். இதற்கு நாம் கொடுத்த விலையும் உண்டு: அப்பள்ளிகளின் முறையான பாடத்திட்டத்தில் தமிழுக்குப் பெரும்பாலும் இடமில்லை. தில்லித் தமிழ்ப் பள்ளிகளை விட்டு அங்குச் சென்ற பிள்ளைகள் பலர் தமிழைப் பேசக் கற்றனர், எழுதக் கற்றிலர்.

ஆனால், உத்தரவின் பேரில் இடம் மாறியவரை நினைத்த சட்டதிட்டங்கள், உத்தரவின்றி இடம் மாறியவரை நெடுங்காலம் நினைக்கவில்லை. சேலத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வேலை தேடி வந்து, தில்லியில் வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்த தமிழருக்கு மாற்றல் உத்தரவு ஏது? பிறப்புச் சான்றிதழ் இருக்காது. மாற்றுச் சான்றிதழ் வாங்க ஊருக்குப் போய்வர வேண்டும். மாநிலம் தாண்டிய சான்றிதழ் ஆதலால், கல்வி அதிகாரியின் மேலொப்பம் வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். ஒரு நாள் கூலியை இழந்து பள்ளி வாயிலில் நின்ற தாய், மறுநாளும் அவ்வாறு நிற்க இயலுமா?

இவர்களுக்குச் சட்டத்தின் துணை கிடைத்தது 2009-ஆம் ஆண்டில். அவ்வாண்டு இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளையைப் பற்றிச் சொல்வனவற்றுள் நான்கு நமக்கு இன்றியமையாதவை. மாநிலத்திற்குள்ளாயினும் வெளியேயாயினும், எக்காரணத்தால் பள்ளி மாற நேர்ந்தாலும், அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாற அதற்கு உரிமை உண்டு. மாற்றுச் சான்றிதழ் தாமதமாயிற்று என்று சேர்க்கையை மறுக்கலாகாது. வயதுச் சான்று இல்லையென்றும் மறுக்கலாகாது. பருவம் கடந்து வந்தது என்றும் மறுக்கலாகாது. ‘எக்காரணத்தால்’ என்னும் அச்சொல்லில், உத்தரவு பெற்றவரும் பெறாதவரும் முதன்முறையாக ஒரே வரிசையில் நின்றனர். மத்தியப் பள்ளித் திட்டத்திற்கும் இதற்கும் இடையே 47 ஆண்டுகள்! ஆயினும் இச்சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் இடம் மாறுபவர் பழைய வாயிலிலேயே நிற்கவேண்டும்.

தில்லி ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்காலை ஒட்டி மதராஸி கேம்ப் என்றொரு குடியிருப்பு இருந்தது. 1923-இல் சங்கம் தாங்கிய அதே பெயரைத்தான் இந்த உழைப்பாளர் குடிசைப் பகுதியும் தாங்கியிருந்தது. நீதிமன்ற ஆணைப்படி 2025-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் அது இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகளில் 189 குடும்பங்களே மாற்று வீட்டிற்குத் தகுதி பெற்றவையாக அறிவிக்கப்பட்டன. அவ்வீடுகள் நகரின் வடகோடியில், நரேலாவில் இருந்தன. கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்க ஒரு மாதமே இருந்தது. நரேலாவில் அரசுப் பள்ளி கேட்கும் உரிமை அப்பிள்ளைகளுக்குச் சட்டப்படி இருந்தது. தமிழ்ப் பள்ளிகள் ஏழில் ஒன்றுகூட அந்தப் பக்கத்தில் இல்லை.