குமரிக் கடற்கரையின் கடலறிவும் பேரிடர் மரபும்

கன்னியாகுமரி மாவட்டத்தில், கிழக்கே ஆரோக்கியபுரம் முதல் மேற்கே நீரோடி வரை ஏறக்குறைய 70 கி.மீ. நீளும் கடற்கரையின் மீனவர்கள் காற்று, நீரோட்டம், அலை, விண்மீன், நீரின் நிறம் ஆகியவற்றைக் கொண்டு வழியையும் ஆபத்தையும் கணித்துவந்த வாய்மொழி அறிவு. முக்குவர், பரதவர் சமூகங்களுக்கு உரியது. ஏட்டில் எழுதப்பட்டதல்ல, தகப்பனோடு கடலுக்குப் போன பிள்ளை பார்த்துப் பழகியது. அன்றாடக் கடலின் ஆபத்துகளில் இவ்வறிவு மிகக் கூர்மையானது. பல தலைமுறைக்கு ஒருமுறை வரும் பேரலைக்கு முன் அது உதவவில்லை. இந்த வேறுபாட்டைப் பாராமல் முன்னோர் அனைத்தையும் அறிந்திருந்தனர் என்று எழுதுவது புகழ்ச்சியாகுமே தவிர வரலாறு ஆகாது.

காற்றும் நீவாடும்

வடக்கிலிருந்து வீசுவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான், தெற்கிலிருந்து சோழகம். நீரோட்டத்துக்குப் பெயர் நீவாடு. வாடைப் பக்கமிருந்து வருவது வாநீவாடு, சோழகப் பக்கமிருந்து வருவது சோநீவாடு. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் மாவட்டம் இது. மூன்று கடல்கள் சேருமிடம் என்று சொல்லப்படும் முனையைச் சுற்றி நீரோட்டம் குறுகிய தொலைவிலேயே மாறிவிடும். காற்று ஒரு திசையிலும் நீவாடு அதற்கு எதிர்த்திசையிலும் இருக்கும்போது அலை குத்தென எழும் என்பது தொழிலின் முதல் பாடம்.

கணிச்சம்

நடுக்கடலில் ஒரு புள்ளியைக் கண்டுபிடித்து, மறுநாளும் அதே புள்ளிக்குத் திரும்பும் முறை. தேவாலயக் கோபுரம் ஒன்று அதன் பின்னுள்ள மலைமுகட்டோடு ஒரே நேர்கோட்டில் வரும்வரை வள்ளத்தைச் செலுத்துவர். அந்தக் கோட்டை விடாமல் போய், வேறொரு பக்கத்தில் தெரியும் மரத்தோப்பும் இன்னொரு குன்றும் நேராகும் இடத்தில் நிறுத்துவர். இரு கோடுகளும் வெட்டும் அந்த இடத்தின் அடியில்தான் மீன் கூடும் பார் எனும் கடலடிப் பாறைத்திட்டு இருக்கும். நூலில் கட்டி இறக்கிய எடை ஆழத்தைச் சொல்லும். கரையின் மலை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதிலிருந்து தூரம் தெரியும்.

மீன் பிடிக்கப் பயன்படும் இதே முறைதான் உயிரையும் காத்தது. துடுப்பை நிறுத்திய பிறகு இரு அடையாளங்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகத் தொடங்கினால் நீவாடு எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக இழுக்கிறது என்று விளங்கிவிடும். இருட்டில் கோபுரத்தின் இடத்தைக் கார்த்திகையும் விடிவெள்ளியும் எடுத்துக்கொள்ளும். ஜிபிஎஸ் வந்தபின் இளைய தலைமுறைக்குக் கணிச்சம் தேவைப்படவில்லை. கருவி பழுதானால் என்ன செய்வது என்பதற்கு இன்று விடை சொல்லக்கூடியவர்கள் பெரும்பாலும் முதியவர்களே.

கலமும் இந்த அறிவின் பகுதி. சேர்த்துக் கட்டிய மரங்களான கட்டுமரத்துக்குள் தண்ணீர் தேங்க இடமில்லை. அலை கவிழ்த்தாலும் அது மூழ்காது, புரட்டி ஏறிக்கொள்ளலாம். முட்டத்தில் பெல்ஜிய நாட்டு இயேசு சபைத் துறவி பியர் ஜில்லே, ஒட்டுப்பலகையால் படகு கட்டும் முறையை மீனவரோடு சேர்ந்து உருவாக்கியபோது, கரைமோதும் அலையைக் கடக்கும் இந்த மரபையே அடிப்படையாகக் கொண்டார்.

கடல்கோளும் 2004உம்

பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டது என்ற செய்தி சிலப்பதிகாரத்தில் உண்டு. இறையனார் அகப்பொருள் உரை சங்கங்களைக் கடல் கொண்ட கதையைச் சொல்கிறது. ஆனால் கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்ற ஒற்றை வரிக் கட்டளையாக அந்த நினைவு கரைக்கு வந்துசேரவில்லை. புலவரிடம் தங்கிவிட்டது. மாறாக, இந்தோனேசியாவின் சிமெலூ தீவில் 1907இல் வந்த பேரலையை 'சுமோங்' என்ற பெயரால் பாட்டி பேரனுக்குச் சொல்லிவந்தாள். நிலம் அதிர்ந்து கடல் பின்வாங்கினால் குன்றேற வேண்டும் என்பதே கதை. ஏறக்குறைய 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் 2004 பேரலையில் இறந்தவர்கள் 7 பேர் என்று பதிவாகியுள்ளது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ராவில் நிலம் அதிர்ந்து ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழித்துத்தான் அலை குமரியை அடைந்தது. அந்த அவகாசம் யாருக்கும் பயன்படவில்லை. குமரிமுனையில் கடல் உள்வாங்கிப் பாறைகள் வெளித்தெரிந்ததை மக்கள் நின்று வேடிக்கை பார்த்தனர். பழையாறு கடலில் சேரும் மணக்குடிப் பொழிமுகத்தில் பாலமே அடித்துச் செல்லப்பட்டது. குளச்சலை அடுத்த கொட்டில்பாட்டில் முன்னால் கடல், பின்னால் ஏ.வி.எம். கால்வாய்; அலைக்கு அஞ்சி ஓடியவர்களைக் கால்வாய் மறித்தது. மாவட்டத்தில் சுமார் 800 பேர் மாண்டனர். ஓடும் வழியைத் திறந்து வைப்பதுதான் எந்தப் பழைய அறிவுக்கும் புதிய கருவிக்கும் முன் செய்யவேண்டியது. கொட்டில்பாடு காட்டியது அதைத்தான்.

ஒக்கி

2017 நவம்பர் 30இல் ஒக்கி குமரிக் கடலிலேயே புயலாக வலுத்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் தங்கி, நூற்றுக்கணக்கான கி.மீ. தொலைவில் தொழில் செய்பவர்கள். மாலை மேகத்தைப் பார்த்து மடியை வலித்துக் கரைசேரும் பழைய விவேகம் அந்தத் தொலைவுக்குப் பொருந்தாது. செய்தி எட்டவேண்டும், எட்டவில்லை. காணாமல் போனவர்களைத் தேடி மீனவர்களே படகெடுத்துச் சென்றனர். குழித்துறை ரயில் நிலையத்தில் மறியல் நடந்தது. தொலைவுப் படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழிச் செய்திக் கருவிகள் தருவது பரவலாகப் பேசப்பட்டது இதன் பிறகே.

நம்பிக்கை

கடல் இங்கே 'கடலம்மா'. கொடுப்பவளும் அவளே, கோபிப்பவளும் அவளே. பதினாறாம் நூற்றாண்டில் கத்தோலிக்கம் வந்து, 1544இல் புனித சவேரியார் இக்கரையில் பணியாற்றிய பின்னும் அந்த உறவு மறையவில்லை. மாதா அதனோடு சேர்ந்துகொண்டாள். மாதாவைக் கடலின் விண்மீன் என்று அழைக்கும் மரபு, விடிவெள்ளியைப் பார்த்து வழி கண்டவர்களுக்கு இயல்பாகவே பொருந்தியது. குமரி பகவதியின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கென நம்பிக் கப்பல்கள் பாறையில் மோதின என்றும், அதனால்தான் கோயிலின் கிழக்கு வாசல் ஆண்டில் சில நாட்கள் மட்டுமே திறக்கப்படுகிறது என்றும் ஒரு கதை உண்டு. கதை உண்மையோ பொய்யோ, பாறை உண்மை.

இதே மாவட்டத்தின் மலைப்பக்கம் வேறு மரபு. பேச்சிப்பாறைக் காடுகளின் காணிப் பழங்குடியினர் நோயும் தீங்கும் நீங்கக் கொக்கரை என்ற இரும்புக் கருவியை உரசியபடி சாற்றுப்பாட்டு பாடுவர், பாடுபவர் பிலாத்தி. பேரிடர் அவர்களுக்குக் காட்டுத் தெய்வங்களோடு உள்ள உறவு பிசகியதன் அடையாளம்.

கள்ளக்கடல்

காற்றோ மழையோ இல்லாத நேரத்தில், தெற்கே வெகு தொலைவில் எழுந்த நீளலை திடீரெனக் கரையேறுவது. கேரளக் கரையோர மீனவர்களின் இச்சொல்லை 2012இல் யுனெஸ்கோ அறிவியல் வழக்காக ஏற்றது. ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இன்று இந்தப் பெயரிலேயே எச்சரிக்கை விடுகிறது. 2024 மே 6 அன்று அத்தகைய எச்சரிக்கை இருந்தபோதே கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் வெளியூரிலிருந்து வந்த மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்தனர். சித்திரை, வைகாசியில் குமரிக்கு வருபவர்கள் கடலில் கால் வைக்கும் முன் கரையிலிருக்கும் மீனவர் ஒருவரைக் கேட்பது நல்லது.