மீன் தொட்டியில செடி அழுகிப் போகுதா? திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி மக்களே, முதல்ல போர் தண்ணியைப் பாருங்க!

கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் பச்சைப்பசேல்னு இருந்த அமேசான் ஸ்வார்டு செடி, வீட்டுக்கு வந்த 2 வாரத்தில் இலை கரைந்து நிற்கிறதா? உடனே பிடுங்கி எறிய வேண்டாம். பெரும்பாலான பண்ணைகளில் இந்தச் செடிகளை இலைகள் தண்ணீருக்கு வெளியே இருக்கும்படிதான் வளர்க்கிறார்கள். தொட்டிக்குள் மூழ்கியதும் பழைய இலைகள் அழுகும். வேரும் நடுக்குருத்தும் உறுதியாக இருந்தால் புது இலை வரும். அழுகிய இலையை மட்டும் வெட்டி எடுங்கள்.

புது இலையும் வரவில்லை என்றால்?

தண்ணீர்தான் காரணமாக இருக்கலாம். அளவுக்கு மீறி நிலத்தடி நீரை உறிஞ்சியதால், மீஞ்சூர் பக்கம் 1960களின் இறுதியிலிருந்தே கடல்நீர் உள்ளே புகுந்து வருகிறது. உப்பு ஏறிய போர் தண்ணீரில் மென்மையான செடிகள் தாக்குப்பிடிக்காது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டரில் அளந்து பாருங்கள். குடிநீருக்கே 500-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைப்பு. அதற்கு மேல் போனால் ஆர்.ஓ. தண்ணீரையோ சேமித்த மழைநீரையோ கலந்து குறைக்கலாம்.

இங்கேதான் பலரும் தப்பு செய்கிறார்கள். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவு நீரை 'வீணாகுதே' என்று தொட்டியில் ஊற்றுவார்கள். வடிகட்டிய உப்பு மொத்தமும் அதில்தான் இருக்கிறது! அப்பார்ட்மென்ட் சாஃப்ட்னர் தண்ணீரும் வேண்டாம். அது கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தைச் சேர்க்கிறது. குழாய் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்து போட்ட பிறகே ஊற்ற வேண்டும்.

என்ன செடி வாங்கலாம்?

கடினநீர் என்றால் வாலிஸ்நேரியா வாங்குங்கள். நம்ம ஊர் நீர்நிலைகளிலும் வளரும் செடி இது, நாடா போல உயரமாகப் போகும். பெரிய இலைதான் வேண்டும் என்றால் அமேசான் ஸ்வார்டு. ஆனால் தொட்டி ஒன்றரை அடி உயரமாவது இருக்கட்டும். இது வேர் வழியாக அதிகம் சாப்பிடும் செடி. வெறும் கூழாங்கல்லில் நட்டால் நோஞ்சானாகத்தான் நிற்கும். 2-3 அங்குலத்துக்கு மணல் போட்டு, வேருக்கு அருகே உர மாத்திரை புதைக்க வேண்டும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டும் நேர்மாறு. அவற்றின் தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும், கல்லிலோ கட்டையிலோ கட்டிவிடுங்கள்.

புது இலை மஞ்சளானால் இரும்புச்சத்து குறைவு. பழைய இலை மஞ்சளானால் நைட்ரஜன் குறைவு. இலையில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை விழுந்தால் பொட்டாசியம்.

லைட் எவ்வளவு நேரம்?

6 முதல் 8 மணி நேரம் போதும். சிப்காட்டில் ஷிஃப்ட் மாறி மாறி வேலைக்குப் போகிறவர்கள் ஒரு டைமர் சுவிட்ச் வாங்கிவிடுங்கள். லைட் 12 மணி நேரம் எரிந்தால் செடியை விடப் பாசிதான் வேகமாக வளரும். ஜன்னல் வெயிலும் அதே வேலையைச் செய்யும். மே மாதத்தில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும்போது மூடியைத் திறந்து ஒரு சின்ன ஃபேனை வையுங்கள், சில டிகிரி இறங்கும். மேலே சொன்ன செடிகளுக்கு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் அவசியமே இல்லை. கடைக்காரர் சொன்னாலும் யோசித்து வாங்குங்கள்.

வளர்ந்து வெட்டியதை எங்கே போடுவது?

பூண்டி, புழல், தேர்வாய் கண்டிகை என சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் இந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன. ஏரிகளை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையும் தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டதுதான். தொட்டியில் பாசி தின்பதற்காக வாங்கிய சக்கர் மீனும் இப்போது தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது. வெட்டிய செடியை ஏரியிலோ கால்வாயிலோ வீசாமல், வெயிலில் நன்றாகக் காயவைத்து பூந்தொட்டி மண்ணில் போட்டுவிடுங்கள்.