பாசி எடுக்கும் கைகள்

நோன்பு மாதம் வந்துட்டா திண்டுக்கல் பேகம்பூரிலிருந்து எங்க வீட்டுக்குக் கடல்பாசி வரும். பாலில் காய்ச்சி, ஆறவைத்து, துண்டு போட்டது. அந்தப் பாசியை யார் எடுக்கிறாங்கன்னு ரொம்ப நாள் நான் கேட்டதே இல்லை.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளை 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அரசு அறிவித்தது. காரணம் இல்லாமல் இல்லை. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி வெட்டி, பூவரசன்பட்டி, விலங்குசல்லி என இரண்டு தீவுகளே மூழ்கிப்போயின.

ஆனால் அதே தீவோரங்களில்தான் மீனவப் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, அகருக்கான மரிக்கொழுந்துப் பாசி பறித்தார்கள். பாறையை வெட்டியவருக்கும் பாசி பறித்தவருக்கும் ஒரே சட்டம். கெடுபிடி இறுக இறுக, அம்மாவிடம் கற்ற தொழில் குற்றமாச்சு.

பெண்கள் கூடிப் பேசினார்கள். மாதத்தில் 12 நாள்தான் கடலில் இறங்குவது, பாசி வளரும் பருவத்தில் தொடுவதில்லை என்று தாங்களே வரம்பு வைத்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது.

கடலைக் காத்ததற்கு விருது வந்துருச்சு. தீவுகளுக்குப் போகத் தடை மட்டும் அப்படியேதான் இருக்கு.