‘படிப்பு ஏறாது’ என்ற சொல்லும் உளநூல் வரலாறும்

1894-ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட் அடையாற்றில் நம் மக்களின் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி ஒன்றைத் திறந்தார். “இவர்களுக்குப் படிப்பு ஏறுமா?” எனப் பலரும் வினவிய காலம் அது. அடையாறு தொட்டுத் தாம்பரம் வரை வாழ்ந்த நம் முன்னோர் அவ்வினாவைக் கேட்டே வளர்ந்தனர். படிப்பு என்பது உள்ளத்தில் எவ்வாறு ஏறுகின்றது என்பதை மட்டும் வினவியோர் எண்ணிப் பார்த்தாரில்லை. அதனை ஆராயும் துறையே அறிதிறன் உளவியல். அதன் வரலாறு நமக்கும் உரிய வரலாறு ஆதலின் ஈண்டு எழுதப் புகுந்தேன்.

பாரிசு நகரில் ஆல்பிரட் பினே என்பார் 1905-இல் தியோடர் சைமனுடன் கூடி அறிவுச் சோதனை ஒன்றை வகுத்தார். பள்ளியில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து உதவுவதே அவர் நோக்கம். அறிவு பயிற்சியால் வளராது என்ற கொள்கையை அவரே 1909-இல் வன்மையாக மறுத்துரைத்தார். ஆயினும் கடல் கடந்தது கருவிதான், கருத்து கடக்கவில்லை. அமெரிக்கர் பலர் அதனைப் பிறவி அறிவை அளக்கும் கோலாக்கினர். இந்தியாவிலும் இலாகூரில் ரைஸ் என்பார் 1929-இல் இந்துத்தானி மொழியில் ஒரு சோதனையை வெளியிட்டார். சென்னைப் பல்கலைக் கழகத்தில் உளவியல் துறை தோன்றியது 1943-இல்.

இதற்கிடையே, 1913-இல் வாட்சன் என்பார், கண்ணுக்குப் புலனாகும் நடத்தையே உளவியலின் பொருள் எனச் சாற்றினார். உள்ளத்தைப் பற்றிய பேச்சே அடங்கிப் போயிற்று. தூண்டலையும் துலங்கலையும் இவ்வாறு துண்டாடுதல் தவறு என 1896-இலேயே எழுதியவர் ஜான் டூயி. அண்ணல் அம்பேத்கர் 1913-இல் கொலம்பியா பல்கலைக் கழகம் புக்கபின் அவருக்கு ஆசிரியராய் வாய்த்தவரும் அந்த டூயியே!

1956-இல் ஜார்ஜ் மில்லர் ஓர் ஆய்வுரை வெளியிட்டார். நாம் ஒரே நேரத்தில் உள்ளத்தில் தாங்கக்கூடியவை ஏறத்தாழ ஏழு பொருள்களே என்பது அவர் முடிபு. பத்து இலக்கத் தொலைபேசி எண்ணை நாம் துண்டு துண்டாக்கிச் சொல்வது இதனால்தான். அவ்வாண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் மாசாசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் மில்லர், சாம்ஸ்கி, நியூவெல், சைமன் ஆகியோர் ஒரே அரங்கில் உரையாற்றினர். உள்ளம் மீண்டும் ஆய்வுக்குரிய பொருளாயிற்று. 1967-இல் உல்ரிக் நைசர் எழுதிய நூலால் துறையின் பெயரும் நிலைத்தது.

நம் நாட்டில் இத்துறையின் முன்னோடி ஒரிசா தந்த ஜே.பி. தாஸ். ருசிய அறிஞர் லூரியாவின் வழிநின்று, அறிவு ஒற்றை அளவன்று. திட்டமிடல், கவனம், ஒருங்கே அறிதல், வரிசையாய் அறிதல் எனப் பல செயல்களின் கூட்டு என அவர் காட்டினார். அவரும் உடனுழைத்தோரும் 1970-இல் வெளியிட்ட ஆய்வு, பார்ப்பனர், அரிசனர் என்னும் இரு பிரிவிலும் செல்வர், வறியர் எனப் பகுத்துச் சிறுவரை ஒப்பிட்டது. வறுமையின் விளைவைச் சாதியின் இயல்பென மயங்கியோர்க்கு அப்பகுப்பே ஒரு பாடம்.

இனி யான் கூறப்போவது இளைஞர் ஊன்றிப் படிக்க வேண்டியது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் இருவர் உத்தரப் பிரதேசச் சிற்றூர்களில் நடத்திய சோதனை 2004-இல் வெளிவந்தது. உயர்சாதியினர் எனப்படுவோர் 321 சிறுவர். ஒடுக்கப்பட்டோர் 321 சிறுவர். தாளில் வரைந்த புதிர்வழிகளுக்கு விடை காண வேண்டும். விடை கண்டால் காசு. சாதியைக் குறிப்பிடாதபோது இரு சாராரும் நிகராகவே செய்தனர். பிறிதொரு முறை, தந்தை பெயர், பாட்டனார் பெயர், சாதி ஆகியவற்றை அனைவர் முன்னிலையிலும் உரக்கப் படித்தபின் தாளைக் கொடுத்தனர். நம் பிள்ளைகளின் விடைகள் குறைந்தன! புதிர் அதே புதிர். மாறியது செவியில் விழுந்த சொல் மட்டுமே. எத்துணை முயன்றாலும் நமக்கு நேர்மையாகக் கிடைக்காது என்ற ஐயம் ஒரு காரணமாகலாம் என்றனர் ஆய்வாளர். அச்சமும் கவலையும் நினைவின் சிற்றிடத்தைக் கவர்ந்து கொள்ளும் என்பதை வேறு ஆய்வுகளும் காட்டியுள்ளன. மில்லர் கண்ட ஏழு இடங்களில் இரண்டை இழிசொல் பிடித்துக்கொண்டால் கணக்குக்கு எஞ்சுவது எத்தனை?

2024 சூனில் நீதியரசர் சந்துரு குழு தமிழக அரசுக்கு அளித்த அறிக்கை, மாணவர் வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய பத்தி இருத்தல் கூடாது என்றும், ஆசிரியர் எவரும் மாணவரைச் சாதி குறித்து அழைத்தல் கூடாது என்றும் பரிந்துரைத்தது.