பழைய பறை வாங்கப் போறீங்களா? வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

கொடைக்கானல் கூட்டம் பிடிக்காம பூம்பாறையைத் தாண்டி கூக்கால் வரைக்கும் போறவங்க இப்போ அதிகம். படிப்படியா பூண்டு வயல், ஏரி, சோலைக்காடு, மாலையானா இறங்குற மேகம். அந்தப் பக்கம் ஒரு சின்ன வீடு எடுத்திருக்கிற நண்பர் போன வாரம் ஒரு கேள்வி அனுப்பினார். "டாக்டர், பழைய பறை ஒண்ணு விலைக்கு வருது. பழைய டிரம்ஸ் சேர்க்கலாம்னு ஆசை. ஆனா தோல்ல கிருமி எதுவும் இருக்குமா?"

ஒரு வரியில பதில் சொல்லிடலாம். ஆனா இந்தக் கேள்விக்குள்ள ஒரு பெரிய வரலாறே இருக்கு. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

முதல்ல ஒண்ணு. பழைய மேளம்னு நாம சொல்றதுல பழசா இருக்கிறது எது?

மேல்நாட்டுல பழைய டிரம்ஸ் சேர்க்கிறது பெரிய பொழுதுபோக்கு. பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் வாசிச்ச லுட்விக் செட் 2015ல ஏலத்துக்கு வந்துச்சு. 1964ல அமெரிக்கத் தொலைக்காட்சியில் வாசிச்சப்போ முன்பக்கம் மாட்டியிருந்த, குழுவோட பெயர் எழுதின வட்டம் தனியா ஏலம் போச்சு. ரெண்டுமே தலா 20 லட்சம் டாலருக்கு மேல! ஆனா பொதுவா அங்கே சேகரிப்பவர் பார்க்கிறது மர உடலைத்தான். அடிக்கிற பரப்பு தேய்ஞ்சா மாத்திக்கலாம். 1950களின் பிற்பகுதியில் ரெமோ பெல்லி மாதிரியானவங்க பிளாஸ்டிக் பரப்பைச் சந்தைக்குக் கொண்டு வந்த பிறகு, கன்னுக்குட்டித் தோலே அங்கே அபூர்வமாகிடுச்சு.

நம்ம பறையும் அப்படித்தான். மூணு வளைந்த மரத்துண்டு, அதை இணைக்க இரும்புப் பட்டை. புளியங்கொட்டைப் பசை காய்ச்சி அதுமேல தோலை இழுத்து ஒட்டுவாங்க. சட்டம் தலைமுறை தாண்டும். தோல் தாண்டாது, கிழியும், மாத்துவாங்க. ஆக, உங்களுக்கு விலைக்கு வர்ற "பழைய பறை"யில தோல் உங்க வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைவிட இளசா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு.

இந்தப் பழனி மலையில் பழசு எவ்வளவு நிலைக்கும்னு பாருங்க. இங்கே இருக்கிற கல்திட்டைகளைப் பாதிரியார் ஆங்கிலேடும் நியூட்டனும் ஆராய்ஞ்சு எழுதின நூலை 1928ல இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. கல் நின்னுச்சு, அதனால ஆராய முடிஞ்சது. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்ல பறையையும் சேர்க்குது. குறிஞ்சிக்கு, அதாவது கூக்கால் மாதிரி மலைநிலத்துக்கு, உரையாசிரியர்கள் சொல்ற பெயர் தொண்டகப்பறை. பெயர் ஏட்டுல இருக்கு. மரமும் தோலும் மண்ணோட போச்சு.

சங்கப் பாட்டுலயே மேளங்களுக்குள்ள மேடுபள்ளம் தெரியும். அரசனோட முரசுக்குக் கட்டில், நீராட்டு, பலி எல்லாம் உண்டு. மோசிகீரனார் அசதியில அந்த முரசுகட்டில்ல படுத்துத் தூங்க, தண்டிக்க வேண்டிய சேரமான் விசிறி எடுத்து வீசின கதை பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க (புறநானூறு 50). அதே தொகுப்பின் 335ஆம் பாட்டு துடியன், பாணன், பறையன், கடம்பன்னு நாலு குடிகளை மதிப்போட சொல்லுது. பிந்தைய நூற்றாண்டுகள்ல அந்த மதிப்பு போச்சு. பறைன்னா சொல், அறிவி என்று பொருள். மலையாளத்துல இன்னைக்கும் "பறயுக" என்றால் சொல்வதுதான். அந்த வாத்தியத்தின் பெயரால் அழைக்கப்பட்ட மக்களை ஊருக்கு வெளியே வைத்தோம். ஆங்கிலத்துல ஒதுக்கப்பட்டவனைக் குறிக்கிற "பரையா" என்ற சொல் நம்ம ஊர்ல இருந்து ஏற்றுமதியானது. பெருமைப்பட முடியாத ஏற்றுமதி.

சரி, மலையை விட்டுக் கீழே இறங்குவோம். அடிவாரத்துல பழனி. கூக்காலும் பழனியும் ஒரே திண்டுக்கல் மாவட்டம்தான். பழனி முத்தையா பிள்ளை, அவர் மகன் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) ஊர்ப்பெயரோடயே உலகத்துக்குத் தெரிஞ்ச மிருதங்க மேதைகள். சுப்பிரமணிய பிள்ளை இடதுகைக்காரர். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை வழி வந்த பரம்பரை அது. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏத்தினவர் அந்த மான்பூண்டியா பிள்ளை.

இங்கே சேகரிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய கஞ்சிராவில் இருப்பது பெரும்பாலும் உடும்புத் தோல். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உடும்பு உச்சபட்சப் பாதுகாப்புப் பட்டியல்ல இருக்கிற உயிர். "பழசுதானே சார்" என்று விற்கிறவர் சொல்வார். கேட்டுக்கிட்டு வந்துடுங்க, வாங்காதீங்க. இப்போ ஆட்டுத்தோல், செயற்கைத் தோல் கஞ்சிரா கிடைக்குது.

மிருதங்கத்தோட வலந்தலையில கறுப்பா ஒரு வட்டம் இருக்குமே, சோறும் கல்பொடியும் சேர்த்து அரைச்சு அடுக்கடுக்கா ஏத்துறது. சாதாரண மேளத்துல வராத ஒத்திசைவான மேல்சுரங்கள் அந்த வட்டத்தாலதான் வருதுன்னு சி. வி. ராமன் 1920ல நேச்சர் இதழ்லயே எழுதினார். ராமனுக்கு நோபல் கிடைச்சது, வேற ஆய்வுக்கு. அந்த வட்டத்தைக் கையால ஏத்தினவங்க பெயர்? பாலக்காடு மணி ஐயரோட நாதத்துக்குப் பின்னால இருந்த பர்லாந்து, அவர் குடும்பம், மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் எருமைத்தோலும் கையாண்ட தலித் கிறிஸ்தவக் கைவினைஞர்கள் பத்தி டி. எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்று புத்தகமே எழுதினார். 2020ல அதன் வெளியீட்டுக்கு முதல்ல இடம் தந்த கலாக்ஷேத்ரா பிறகு அனுமதியைத் திரும்ப வாங்கிக்கிட்டது. தோலைப் பத்தி பேசினா இன்னமும் சிலருக்கு சங்கடம்.

இப்போ நண்பரோட கேள்வி. தோல்ல கிருமி இருக்குமா?

ஆந்த்ராக்ஸ். தமிழ்ல அடைப்பான் நோய். ஆடு மாடுகளோட நோய், மனுஷனுக்கும் தொத்தும். ராபர்ட் கோக் 1876ல இந்தக் கிருமியோட வாழ்க்கைச் சுழற்சியைக் காட்டினார். இது விதை மாதிரி ஒரு ஸ்போர் ஆகி, மண்ணுலயும் தோல்லயும் பல பத்து வருஷம் தூங்கும். காய்ஞ்ச தோலைச் சுரண்டும்போது தூசியாப் பறக்கும்.

2006ல நியூயார்க்ல ஆப்பிரிக்க மேளம் செய்யும் ஒரு கலைஞர், தான் கொண்டு வந்த பச்சைத்தோலைப் பதப்படுத்தும்போது ஸ்போரைச் சுவாசிச்சார். பிழைச்சுட்டார். அதே வருஷம் ஸ்காட்லாந்துல ஒருத்தர், 2008ல லண்டன்ல ஒரு மேளக் கலைஞர். ரெண்டு பேரும் பிழைக்கல. 2009ல அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர்ல எல்லாரும் சேர்ந்து மேளம் அடிக்கிற நிகழ்ச்சிக்குப் போன ஒரு பெண்ணுக்கு குடல் ஆந்த்ராக்ஸ். அவர் பிழைச்சார். இவங்க எல்லாம் செய்தி ஆனதுக்குக் காரணமே இது ரொம்ப அபூர்வம் என்பதுதான். பறையாட்டம் பார்த்தா நோய் வரும்னு யாராவது கிளப்பிவிட்டா நம்பாதீங்க. சுண்ணாம்புல போட்டு, முடி நீக்கி, வருஷக்கணக்கா அடிபட்ட தோலால உங்களுக்கு வர்ற ஆபத்து மிக மிகக் குறைவு.

ஆனா டாக்டரா எனக்கு வேற ஒரு இடத்துல மனசு நிக்குது. நம்ம கிராமங்கள்ல மாடு நோய்ல செத்தா இழுத்துட்டுப் போனது யார்? உரிச்சது யார்? வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தென்னிந்தியாவுல ஆந்த்ராக்ஸ் இன்னும் இருக்குன்னு ஆய்வுக் கட்டுரைகள்ல பதிவு பண்ணியிருக்காங்க. லண்டன்ல ஒரு கலைஞர் இறந்தா உலகச் செய்தி. சாதி சொல்லி அந்த வேலையில நிறுத்தப்பட்டவங்க கையில வந்த கருப்புப் புண்ணுக்கு எந்தச் செய்தியும் இல்ல. அது தொழில்சார் நோய்ன்னுகூட யாரும் எழுதி வைக்கல.

அதனாலதான் சிலர் பறையை இறக்கி வெச்சாங்க. சாவுக்கு அடிக்கிறது தொழில் இல்ல, கட்டாயம். முடியாதுன்னு சொன்னா அடி விழும். காட்டுமன்னார்கோவில் பக்கம் எல். இளையபெருமாள் இந்த வேலையை விடுங்கன்னு தன் மக்கள்கிட்ட பேசினார். தீண்டாமை பத்தி 1969ல அறிக்கை கொடுத்த இளையபெருமாள் குழுவின் தலைவர் இவர்தான். இன்னைக்கும் பல குடும்பங்கள்ல "அதை வீட்டுக்குள்ள கொண்டு வராதே" என்கிற தாத்தாக்கள் இருக்காங்க. அவங்க கலைக்கு எதிரி இல்லீங்க. அவங்க உடம்புல பட்டதை அவங்கதான் சொல்ல முடியும்.

இன்னொரு வழியும் இருந்தது. நம்ம திண்டுக்கல்லயே 1990ல சகோதரி சந்திரா தொடங்கின சக்தி கலைக்குழு, தலித் பெண்கள் கையில பறையைக் கொடுத்துச்சு. ஆண்கள் மட்டும், சாவுக்கு மட்டும், கூப்பிட்டா மட்டும்னு இருந்ததை, சலங்கை கட்டின பொண்ணுங்க மேடையில தங்கள் இஷ்டத்துக்கு அடிச்சாங்க. இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் இவங்களைப் பத்தி 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்று ஆவணப்படம் எடுத்தார். 2025ல பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ. ஒரே வாத்தியத்தைச் சிலர் தூக்கிப் போட்டது மானத்துக்காக. சிலர் தூக்கிப் பிடிச்சதும் மானத்துக்காகத்தான். ரெண்டுல எது சரின்னு வெளியே இருந்து தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா நான் நினைக்கல.

அதனால கூக்கால் நண்பரே, உங்க கேள்வியோட மூணு கேள்வி சேர்த்துக்கங்க. அது யார் வீட்டுல தொங்கினது? ஏன் விற்கிறாங்க? கேட்ட விலை அவங்களுக்குப் போகுதா, நடுவுல இருக்கிறவருக்கா? சுவர் அலங்காரத்துக்குன்னா புதுசாவே செய்யச் சொல்லி வாங்குங்க. செய்யத் தெரிஞ்சவங்க மதுரை, திண்டுக்கல் பக்கமே இருக்காங்க.

வாங்கிட்டீங்கன்னா: பழைய தோலை நீங்களா சுரண்டாதீங்க, உப்புத்தாள் போடாதீங்க. செய்யறவரையே கூப்பிட்டு, கூலி கொடுத்து மாத்துங்க. முடி ஒட்டிக்கிட்டிருக்கிற, எங்கிருந்து வந்ததுன்னே தெரியாத பச்சைத்தோல் வேண்டவே வேண்டாம். தோல் வேலை செஞ்ச சில நாள்ல கையில வலியே இல்லாம, நடுவுல கருப்புப் பொருக்கோட புண் வந்தா, டாக்டர்கிட்ட "தோல் தொட்டேன்"னு வாயைத் திறந்து சொல்லுங்க. சொன்னாத்தான் அவருக்குத் தோணும். சீக்கிரம் வந்தா ஆன்டிபயாடிக்லயே சரியாகும்.

அடிக்கக் கத்துக்கிறதா இருந்தா மூடின அறையில வேண்டாம், அது வெட்டவெளிக்குச் செஞ்ச வாத்தியம், காது போயிடும். கூக்கால் ஈரத்துல தோல் தளர்ந்து தொப்புதொப்புன்னு கேட்கும். அடுப்புல வாட்டினா கருகும். வைக்கோல் தீயில எவ்வளவு தள்ளிப் பிடிக்கணும், எப்போ எடுக்கணும்கிறது அடிச்சுப் பழகின ஆளுக்குத்தான் தெரியும். அப்படி ஒரு ஆசானைப் பிடிச்சு, கிட்டார் கிளாஸுக்குக் கொடுக்கிற அதே ஃபீஸைக் கொடுத்துக் கத்துக்கங்க.