பத்தாம் இடமும் பத்து விரல்களும்

காந்திபுரம் பேருந்து நிலையத்தில் நாள்தோறும் இளைஞர்கள் வந்து இறங்குகின்றனர். கையிலே பட்டச் சான்று, கண்ணிலே கனவு, நெஞ்சிலே ஐயம்! எந்தத் தொழில் நமக்கு ஏற்றது? இருக்கும் வேலையில் மனம் ஒன்றவில்லை என்றால் விட்டு விலகலாமா? விலகினால் ஊர் என்ன சொல்லும்? இக்கேள்விகளுக்கு விடையளிக்க ஒருவர் ஆயத்தமாக இருக்கிறார். அவர்தான் சோதிடர். கட்டத்தை விரிக்கிறார், பத்தாம் இடம்தான் தொழிலுக்குரிய இடம் என்கிறார், சனியின் பார்வை பட்டுவிட்டது, ஆகவே வேலை நிலைக்காது என்று தீர்ப்பும் கூறுகிறார். தட்டிலே பணம் விழுகிறது. இளைஞன் உள்ளத்திலே அச்சம் விழுகிறது!

தோழர்களே! விடையை நாம் கட்டத்திலே தேட வேண்டாம். கோவையின் வரலாற்றிலே தேடுவோம்.

கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், உழவர் குடியில், 1893ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள் பிறந்தவர் ஜி. டி. நாயுடு. பள்ளிக்கூடம் அவரைப் பிடித்து வைக்கவில்லை. அவரும் பள்ளியைப் பற்றிக்கொள்ளவில்லை. தொடக்கக் கல்வியைக்கூட முடிக்காத அச்சிறுவன், ஒரு நாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைக் கண்டான். மாடு இழுக்கவில்லை, மனிதன் தள்ளவில்லை, வண்டி ஓடுகிறதே, எப்படி? ஊரார் வியந்து கலைந்தனர். அவன் உள்ளத்திலே வினா தங்கிவிட்டது.

அந்த வினாவுக்காகக் கோவைக்கு வந்தார். உணவு விடுதியில் பரிமாறும் பணியாளாகச் சேர்ந்தார். இலை போட்டும் எச்சில் எடுத்தும் சேர்த்த பணத்தில் அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் உலா வந்தாரா? இல்லை! அக்கு அக்காகப் பிரித்தார், மீண்டும் பூட்டினார். பணியாள் பொறிவல்லுநர் ஆனார். பின்னர்ப் பஞ்சுத் தொழிலில் இறங்கிப் பொருள் ஈட்டினார். பம்பாய்ப் பஞ்சு வணிகத்திலே ஈட்டியதை இழந்தார். ஏழரைச் சனி என்று வீட்டில் முடங்கவில்லை. கோவையில் ஆலைத் தொழில் நடத்திய இராபர்ட் ஸ்டேன்சு கடனாக வழங்கிய பேருந்தைக் கொண்டு, 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். அந்த ஒற்றைப் பேருந்தே யு.எம்.எஸ். என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது.

அதோடு நின்றாரா? 1930களில் பைக்காரா அருவியின் மின்சாரம் கொங்கு நாட்டை எட்டியது. ஆலைகள் பெருகின. கவலை இறைத்துக் காளையும் களைத்து, உழவனும் களைத்த கிணற்று மேட்டுக்கு ஒரு மின்னோடி வேண்டியிருந்தது. 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு இணைந்து அவர் உருவாக்கிய மின்னோடி, இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்னோடி எனப் பெயர் பெற்றது. 1945இல் ஆர்தர் ஹோப் பெயரால் கோவையில் பொறியியல் கல்லூரி எழுந்தபோது, பள்ளியை முடிக்காத அவரே அதன் முதல்வராக அமர்ந்தார்! நான்காண்டுப் படிப்பு எதற்கு, இரண்டாண்டு போதும் என்று வாதிட்டார். அரசு இசையவில்லை. பதவியை உதறி வெளியேறினார். 1974இல் மறையும் வரை புதியன தேடும் நாட்டம் அவரை விட்டு அகலவில்லை.

மின்னோடிக்கு அடிப்படையான உண்மையை 1821இல் இலண்டனில் செய்து காட்டிய மைக்கேல் பாரடேயின் கதையும் இதுவே. கொல்லரின் மகன், பதினான்காம் வயதில் நூல் கட்டும் கடையில் பயிற்சியாளன். கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்துப் படித்தே அறிவியலின் பக்கம் திரும்பினான். 1813இல் ஆய்வுக்கூட உதவியாளன் ஆனான். கண்டுபிடித்தவன் நூல் கட்டியவன். இங்கே செய்து காட்டியவர் இலை போட்டவர்! இவர்களுடைய பத்தாம் இடத்தில் எந்தக் கோள் இருந்தது? பத்து விரல்கள் இருந்தன, அவற்றை ஏவிய அறிவு இருந்தது.

வேலை மாறுவோரெல்லாம் வெற்றி பெறுவர் என்று நாம் கூறவில்லை. சலிப்பினால் தாவுவது வேறு. தேர்ந்து நகர்வது வேறு. இரண்டையும் பிரித்தறிய உரைகல் ஒன்று உண்டு. விட்டுவந்த வேலையில் கற்றது, தொட்ட வேலைக்குத் துணையாக வருகிறதா? விடுதியில் சேர்த்த பணம் வண்டியானது. வண்டியில் கற்ற பொறியறிவு பேருந்துக்கு உதவியது. பேருந்துப் பட்டறையின் பழக்கம் மின்னோடிக்கு வழி காட்டியது. இழந்த பணம் ஒருவேளை திரும்பாது. ஆனால் கற்ற தொழில் கையை விட்டுப் போகாது.

இனி, எவரும் எளிதில் எழுப்பாத வினா ஒன்றை நாம் எழுப்பியாக வேண்டும். அன்று அந்த உணவு விடுதியின் வேலை எல்லோருக்கும் கிடைத்திருக்குமா? சேரியில் பிறந்த சிறுவன் ஒருவனுக்கு அதே வினா எழுந்திருந்தால், அதே துடிப்பு இருந்திருந்தால், பரிமாற விட்டிருப்பார்களா? உண்பதற்கே உள்ளே விடாத காலம் அல்லவா அது! நாயுடுவின் திறமை அவருடையது. அவருக்குத் திறந்த கதவோ சமுதாயத்தின் கையில் இருந்தது. பேருந்தைக் கடனாகத் தர ஒருவர் முன்வந்தார். தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்டவனுக்கு யார் முன்வந்திருப்பர்?

ஆகவே, தொழிலைத் தேர்வதும் மாற்றுவதும் தனி மனிதனின் துணிவு மட்டும் அன்று. போராடிப் பெற்ற உரிமை. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு, விரும்பிய தொழிலைச் செய்யும் உரிமையைக் குடிமக்கள் அனைவருக்கும் வழங்கியது. ஆனால் 1953லேயே சென்னை மாநிலத்தில், சிற்றூர்ப் பிள்ளைகள் அரை நாள் படித்தால் போதும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. இராசாசி கொண்டுவந்தார், குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் பெயரிட்டனர். பெரியார் எதிர்த்தார், அண்ணா எதிர்த்தார், வீதிகள் எதிர்த்தன. 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. கைவிடப்படாதிருந்தால், தொழிலைப் பற்றிய ஐயத்தோடு கோவைக்கு வண்டி ஏறியிருப்பவர் எத்தனை பேர்? ஐயம் எழவே வாய்ப்பில்லாமல், தந்தையின் கருவியை மகனும் ஏந்தியிருப்பான்!

எனவே இளைஞனே, எந்தத் தொழில் என்று தயங்கும் உன் ஐயத்தை எண்ணி வெட்கப்படாதே. உன் பாட்டனுக்கு அந்த ஐயம் கொள்ளும் உரிமையே இல்லை. ஆராய்ந்து தேர்ந்தெடு, ஒன்றாவிட்டால் கற்றதைக் கையோடு எடுத்துக்கொண்டு நகர்ந்து செல். செல்லும்போது ஒருமுறை திரும்பியும் பார். மலக்குழியில் மனிதனை இறக்காதே என்று 2013இல் சட்டம் வந்தது. அதில் இறங்கி மூச்சடங்கி மாண்டோர் செய்தி அதன் பிறகும் வந்தது. அவன் வேலை மாற விரும்பவில்லையா? மாற விடவில்லை! அவனுக்கும் அந்தக் கதவு திறக்கும் நாளில்தான் நம் உரிமை முழுமை பெறும்.